கொலாஜன் குடித்தால் தோல் பளபளக்குமா?

மாணவர்களே, அடுத்த முறை பேரங்காடிக்குப் போகும்போது அங்குள்ள மருந்தகத்தின் அழகுப் பொருள் அடுக்குக்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். தூள், மாத்திரை, சின்னப் புட்டியில் பழச்சாறு, மெல்லும் மிட்டாய் என்று எத்தனை வடிவங்களில் கொலாஜன் விற்கிறார்கள்! கைப்பேசியைத் திறந்தாலும் அதுவே. நேரலையில் ஒருவர் மின்னும் கன்னத்தைக் காட்டி, “இரண்டே வாரம் போதும்” என்கிறார்.

உங்கள் வயதில் முகத்தில் ஒரு பரு வந்தாலே பெரிய கவலையாகத்தான் இருக்கும். அந்தக் கவலையில் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வைத்து இதை வாங்குகிற மாணவர்கள் உண்டு. வாங்குவதற்கு முன் இது என்ன பொருள், வயிற்றுக்குள் போனால் என்ன ஆகிறது, உண்மையில் பலன் உண்டா, ஆபத்து உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அறிவியல் வகுப்பில் நீங்கள் ஏற்கெனவே படித்த பாடங்களே இதற்குப் போதும்.

உடலைக் கட்டி வைத்திருக்கும் கயிறு

கொலாஜன் ஒரு புரதம். நம் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இதுதான். தோலின் உறுதி, எலும்பின் வலு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பு, இரத்தக் குழாயின் சுவர் என எல்லாவற்றிலும் இது இருக்கிறது. இதுவரை 28 வகைக் கொலாஜன்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். தோலிலும் எலும்பிலும் அதிகம் இருப்பது முதல் வகை. குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை.

புரதம் என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி என்று படித்திருப்பீர்கள். கொலாஜனில் அப்படி மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். மூன்று சங்கிலிகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் இடம் மிகவும் குறைவு. அந்த இடுக்கில் கிளைசினைத் தவிர வேறெதுவும் அடங்காது. மூன்று பிரிகளை இறுக்கித் திரித்த கயிறு எவ்வளவு உறுதியோ, அந்த உறுதி கொலாஜனுக்கு இந்த முறுக்கிலிருந்துதான் வருகிறது.

இந்த முப்பிரி அமைப்பைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைத்த படங்களை ஆராய்ந்து, 1954இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் கருத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதை மேலும் திருத்தி வெளியிட்டார்கள். மரபணுவின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஆட்டுக்கால் சூப்பின் இரகசியம்

வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்து, மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறீர்களா? மறுநாள் அது கட்டியாக உறைந்து, தட்டினால் ஆடும். எலும்பிலும் தசைநாணிலும் இருந்த கொலாஜன்தான் அதற்குக் காரணம். நீண்ட நேரம் கொதிக்கும்போது முறுக்கு அவிழ்ந்து, பிரிகள் தனித்தனியாகித் தண்ணீரில் கலந்துவிடுகின்றன. இதற்குப் பெயர் ஜெலாட்டின். குளிர்ந்தவுடன் அந்தப் பிரிகள் அரைகுறையாக மறுபடி பின்னிக்கொண்டு தண்ணீரைத் தங்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

கடையில் விற்கும் கொலாஜன் தூள் இதற்கும் அடுத்த படி. மீன் தோல், மீன் செதில், மாட்டுத் தோல், பன்றித் தோல் போன்றவற்றிலிருந்து கொலாஜனை எடுத்து, நொதிகளைக் கொண்டு அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிவிடுகிறார்கள். இத்துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். துண்டுகள் மிகச் சிறியவை என்பதால்தான் தூள் குளிர்ந்த நீரிலும் எளிதில் கரைகிறது, ஜெலாட்டினைப்போல் உறைவதில்லை.

தாவரங்கள் கொலாஜனை உருவாக்குவதில்லை. ‘தாவரக் கொலாஜன்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் வைட்டமின் சி, அமினோ அமிலங்கள், தாவரச் சாறுகள் போன்றவைதான் இருக்கும். அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது; அது மாவுச்சத்து வகையைச் சேர்ந்தது. அதற்கும் கொலாஜனுக்கும் தொடர்பில்லை.

வாய்க்குள் போன பிறகு

குடித்த கொலாஜன் நேராகக் கன்னத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று விளம்பரப் படங்கள் காட்டுகின்றன. செரிமானப் பாடம் வேறு கதை சொல்கிறது. வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் காத்திருக்கின்றன. சிறுகுடலில் டிரிப்சின் முதலிய நொதிகள் வேலையைத் தொடர்கின்றன. புரதம் எதுவானாலும், கோழி முட்டையானாலும் பருப்பானாலும் கொலாஜனானாலும், அது அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த குட்டித் துண்டுகளாகவும் பிரிந்த பிறகே இரத்தத்துக்குள் போகிறது.

ஒரு பூமாலையை அவிழ்த்து உதிரிப் பூக்களாக்கிக் கூடையில் போட்டுவிட்டால், அந்தப் பூ மறுபடி மாலையாகுமா, தலையில் வைக்கும் சரமாகுமா என்பதைப் பூக்கட்டுபவர்தான் முடிவு செய்வார். அதுபோலவே, நீங்கள் குடித்த கொலாஜனின் கிளைசின் தோலுக்கும் போகலாம், கல்லீரலுக்கும் போகலாம், எரிசக்தியாக எரிந்தும் போகலாம். “இதைக் கன்னத்துக்கு மட்டும் கொடு” என்று உடலுக்கு யாரும் கட்டளையிட முடியாது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. ஜெலாட்டின் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரண்டும் ஒட்டிய குட்டித் துண்டுகள் முழுதாக இருப்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்துண்டுகள் தோலிலுள்ள உயிரணுக்களுக்கு, ‘எங்கோ கொலாஜன் உடைந்திருக்கிறது, புதிதாகச் செய்’ என்ற சைகையைக் கொடுக்கக்கூடும் என்பது ஒரு கருதுகோள். எனவே, ‘எல்லாம் செரித்துவிடும், ஒன்றுமே ஆகாது’ என்று ஒரே அடியாகத் தள்ளிவிடவும் முடியாது. குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரிகிறதா என்று சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

நொதி புரதத்தை வெட்டுவதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஜெலாட்டின் தூளை வெந்நீரில் கரைத்து மூன்று கிண்ணங்களில் ஊற்றுங்கள். வெந்நீர் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வெதுவெதுப்பாக ஆறியதும், முதல் கிண்ணத்தில் பச்சை அன்னாசித் துண்டுகளைப் போடுங்கள். இரண்டாவதில் நன்றாக வேகவைத்து ஆறிய அன்னாசித் துண்டுகளைப் போடுங்கள். மூன்றாவதில் எதையும் போடாதீர்கள். மூன்றையும் குளிர்பதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வையுங்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் உறைந்திருக்கும். முதல் கிண்ணம் தண்ணீராகவே இருக்கும். பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலெய்ன் என்ற நொதி ஜெலாட்டின் சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். நான்காவது கிண்ணத்தில் ஜெலாட்டினுக்குப் பதிலாக அகார் அகார் காய்ச்சி ஊற்றிப் பச்சை அன்னாசி போட்டால் என்ன ஆகும் என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு செய்து பாருங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவை நினைவிருக்கிறதா? நல்ல மருத்துவ ஆய்வும் அதே விதிப்படிதான் நடக்கும். ஒரு குழுவுக்குக் கொலாஜன் கொடுப்பார்கள். இன்னொரு குழுவுக்குப் பார்க்க அதேபோல் இருக்கும், ஆனால் கொலாஜன் இல்லாத தூளைக் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது குடிப்பவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. தெரிந்தால், ‘நன்றாகத்தான் ஆகியிருக்கிறது’ என்ற எண்ணமே அளவீட்டைக் கெடுத்துவிடும். நேரலை விளம்பரத்தில் காட்டும் ‘முன்பு, பின்பு’ படங்களில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. விளக்கு மாறியிருக்கலாம், முகப்பூச்சு மாறியிருக்கலாம், கேமராவில் வடிகட்டியும் போட்டிருக்கலாம்.

2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இத்தகைய 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் 20 முதல் 70 வயது வரையிலான 1,125 பேர் பங்கேற்றிருந்தார்கள். 95 விழுக்காட்டினர் பெண்கள். சுமார் மூன்று மாதம் கொலாஜன் உட்கொண்டவர்களின் தோலில் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடி, சுருக்கங்கள் குறைந்திருந்தன என்பதே அதன் முடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

2025இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இன்னொரு தொகுப்பாய்வு வந்தது. 23 ஆய்வுகள், 1,474 பேர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது இதிலும் பலன் தெரிந்தது. ஆனால் இந்த ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது. அந்தப் பணம் பெறாத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் ஆகிய மூன்றிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. தரம் உயர்ந்த ஆய்வுகளை மட்டும் பார்த்தபோதும் அப்படித்தான்.

நிறுவனம் பணம் கொடுத்தாலே அந்த ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் முடிவு பணத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்போது எச்சரிக்கையாக இருப்பதே அறிவு. இன்னொரு சிக்கலும் உண்டு. பல பாக்கெட்டுகளில் கொலாஜனோடு வைட்டமின் சி, துத்தநாகம் போன்றவையும் கலந்திருக்கின்றன. அப்படிப்பட்ட கலவையைக் குடித்துப் பலன் கிடைத்தால், அது எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? மாறி ஒன்றுக்கு மேற்பட்டதாகிவிட்டதே!

முழங்கால் வலியால் அவதிப்படும் பாட்டிக்கு இது உதவுமா என்று சிலர் கேட்பீர்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த சில ஆய்வுகளில் வலி ஓரளவு குறைந்திருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளர்ந்துவிடும் என்பது நிரூபிக்கப்படவில்லை. பாட்டி ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் வாங்கித் தர வேண்டாம்.

உங்களைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த ஆய்வுகள் பெரியவர்களிடம் நடந்தவை. வயது ஏற ஏறக் கொலாஜன் உற்பத்தி குறைவதை ஈடுகட்ட முடியுமா என்பதே அவற்றின் கேள்வி. பதினைந்து வயதில் உங்கள் உடல் வளர்ந்துகொண்டிருக்கிறது. கொலாஜனைத் தாராளமாகச் செய்துகொண்டிருக்கிறது. இல்லாத குறைக்கு ஏன் மருந்து? பருவும் கொலாஜன் குறைவால் வருவதல்ல. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரந்து, மயிர்த்துளைகள் அடைபட்டு, அங்கே பாக்டீரியா பெருகுவதால் வருவது. பரு அதிகம் இருந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குப் போங்கள்.

பாதுகாப்பானதா?

ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2.5 கிராம் முதல் 10 கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு அந்த அளவை உட்கொண்ட ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் கடுமையான பாதிப்பு எதுவும் பெரிதாகப் பதிவாகவில்லை. வயிறு உப்புவதும் வாயில் ஒரு வாடை தங்குவதும் சிலருக்கு வரும். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மீன் கொலாஜன் ஆபத்தாகலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தை அளந்து உண்ண வேண்டியவர்கள். கொலாஜனில் உள்ள ஹைட்ராக்சிபுரோலினின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. எனவே கல் வந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

உணவுக்குப் பதிலாகக் கொலாஜனை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரமான பாடம் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ‘திரவப் புரதம்’ என்ற பெயரில் எடை குறைக்கும் பானங்கள் பரவலாக விற்பனையாயின. அவற்றில் பலவும் விலங்குத் தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜனால் ஆனவை. பலர் மாதக்கணக்கில் வேறு உணவின்றி, நாளொன்றுக்கு 300, 400 கலோரியில் அதை மட்டுமே குடித்தார்கள். 1977, 1978ஆம் ஆண்டுகளில் அப்படிக் குடித்தவர்களில் சுமார் 60 பேரின் மரணங்கள் அரசாங்க அமைப்புகளின் கவனத்துக்கு வந்தன. உடல் பருமனைத் தவிர வேறு நோய் இல்லாதவர்கள் சிலரும் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்திருந்தார்கள். நம் உடலால் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றில் ஒன்றான டிரிப்டோபான் கொலாஜனில் இல்லவே இல்லை. பட்டினியும் தாது உப்புக் குறைவும் தரம் குறைந்த புரதமும் சேர்ந்தே அந்த உயிர்களைப் பறித்தன. சாதாரண உணவோடு ஒரு பாக்கெட் குடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் மெலிவதற்காகச் சோற்றை விட்டுவிட்டுக் கொலாஜனை மட்டும் குடிக்கிறேன் என்று உங்கள் தோழி சொன்னால், இந்தச் செய்தியை அவளுக்குச் சொல்லுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவில் மாத்திரை, கேப்சூல் வடிவில் விற்கும் சத்துப் பொருள்கள் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவற்றின் பெட்டியில் எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டினால் அது உண்மையானதா என்று நீங்களே சரிபார்க்கலாம். உணவாகக் கருதப்படும் பானங்களுக்கும் தூள்களுக்கும் இந்த எண் இருக்காது. அவை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உணவுப் பொருள் எதுவும் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கக் கூடாது. அப்படிச் சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

அடுத்து, எந்த விலங்கு என்று பாருங்கள். ‘போவின்’ அல்லது ‘லெம்பு’ என்றிருந்தால் மாடு. ‘போர்சைன்’ என்றால் பன்றி. ‘மரீன்’ அல்லது ‘ஈக்கான்’ என்றால் மீன். மாட்டிறைச்சி உண்ணாத வீட்டில் பலர் இதைக் கவனிக்காமலே குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு சீனியின் அளவைப் பாருங்கள். பழச்சுவைப் பானங்களில் கொலாஜனைவிடச் சீனி அதிகமாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

முகவரியோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாத பொருளை நேரலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். மெலிய வைக்கும் என்று விற்கப்பட்ட பொருள்களில் சிபுட்ரமின் என்ற மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதால் 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது.

உங்களுக்குள் இருக்கும் தொழிற்சாலை

அடித்தோலில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற உயிரணுக்கள்தாம் தோலுக்கான கொலாஜனைத் தயாரிக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள் அமினோ அமிலம். முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை, தௌஹூ, தெம்பே ஆகிய எல்லாமே அதைத் தரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. கொலாஜனில் இல்லாத டிரிப்டோபானும் அதில் இருக்கிறது. கொலாஜன் பாக்கெட்டுகளுக்கு மாதம் 90 ரிங்கிட் செலவு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,080 ரிங்கிட். அந்தப் பணத்தில் எத்தனை தட்டு முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து வேண்டியது வைட்டமின் சி. முப்பிரிக் கயிறு அவிழாமல் நிற்கப் புரோலின் ஹைட்ராக்சிபுரோலினாக மாற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. பழைய காலத்தில் நெடும்பயணம் போன கடலோடிகளுக்கு ஈறில் இரத்தம் கசிந்து, பல் ஆடி, ஆறிய புண்கூட மறுபடி திறந்துகொண்டதற்குக் காரணம் இதுதான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் விரைவில் தேறினார்கள். உங்கள் வயதில் நாளுக்கு 65 முதல் 75 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. பாதிக் கொய்யாவே அன்றைய தேவையைத் தீர்த்துவிடும்.

உற்பத்தியைக் கவனித்தால் மட்டும் போதாது, இருப்பதையும் காக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தோலில் உள்ள கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். சன்னல் வழியே வெயில் பட்ட அவரது இடக்கன்னம் தடித்து ஆழச் சுருங்கியிருந்தது. வலக்கன்னம் பல வயது இளமையாகத் தெரிந்தது. இரண்டு கன்னங்களும் ஒரே மனிதருடையவை, ஒரே உணவை உண்டவை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு நண்பகல் வெயில் இன்னும் கடுமை. திடலில் நண்பகலில் விளையாடும்போது தொப்பியும் வெயில்தடுப்புக் களிம்பும் வேண்டும். சிகரெட் புகையும் கொலாஜனைக் கெடுக்கும் என்பது உறுதியான செய்தி.

ஆக, உங்கள் வயதில் கொலாஜன் பாக்கெட்டுக்குத் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் விரும்பினால், பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் குடிக்கட்டும். அடுத்து எந்தப் பொருளுக்கு விளம்பரம் வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: யாரிடம் சோதித்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? பணம் கொடுத்தது யார்? பதிவு எண் உண்மையானதா? கொலாஜன் மோகம் அடங்கி நாளை வேறொரு தூள் வரும். அப்போதும் இந்த நான்கு கேள்விகளே உங்கள் கைச்செலவுப் பணத்துக்குக் காவல்.